காசிக்கு எப்போது: ரிட்டையர் ஆன பிறகா, இந்தத் தை கழிந்தா?

அம்பாசமுத்திரத்தில் எங்கள் அத்தை வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு செம்பு இருந்தது. கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். மூடியைச் சுற்றி ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் காசிக்குப் போய்விட்டு வந்து கொடுத்த கங்கைத் தண்ணீர். வெள்ளிக்கிழமை தோறும் அத்தை அதைப் புளி போட்டுத் துலக்கிச் சந்தனம் குங்குமம் வைப்பாள். துலக்கித் துலக்கி அதன் மேல் பொறித்திருந்த கோபுரமே தேய்ந்துவிட்டது. மூடி ஓரத்துப் பச்சைக் களிம்பு மட்டும் கடைசிவரை போகவில்லை. 2019-ல் அத்தை படுக்கையில் விழுந்த ஏழாம் நாள், அந்த ஈயத்தைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தவன் நான். உள்ளே ஒரு கரண்டித் தண்ணீர்கூட இல்லை. இருந்ததை உதட்டில் விட்டோம்.

அத்தைக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்தே காசிக்குப் போக ஆசை. மாமாவும் மாட்டேன் என்று ஒருநாள்கூடச் சொன்னதில்லை. "போவோம்லா, அறுப்பு முடியட்டும்" என்பார். மனதார அப்படித்தான் நினைத்தார். ஆனால் தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவருக்கு அறுப்பு எப்போது முடிகிறது? ஜூனில் அணை திறந்தால் முதல் நெல் போகமான கார் சாகுபடி. அது கழிந்ததும் ஐப்பசியில் அடுத்த போகமான பிசானத்துக்கு நாற்றுப் பாவ வேண்டும். பிசானம் அறுத்துக் களம் சேர்க்க மாசி, பங்குனி ஆகிவிடும். கை ஓய்வாக இருப்பது சித்திரையும் வைகாசியும்தான். காசியில் அந்த இரண்டு மாதமும் வெயில் 40 டிகிரியைத் தாண்டி நிற்கும். ஆடி, ஆவணியில் கங்கை பெருகிப் படித்துறைகள் முங்கிக் கிடக்கும், படகு விட மாட்டார்கள். மார்கழி, தையில் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். வயதானவர்கள் அங்கே நிம்மதியாகப் போய்வர ஏற்றது ஐப்பசி, கார்த்திகை, விட்டால் மாசி, பங்குனி. அந்த நாலு மாதமும் மாமாவுக்கு வயலில் வேலை. யாரும் தடுக்கவில்லை, பணமும் ஓரளவு இருந்தது. நாற்பது வருஷமாக ஒருவர் கூடச் சேர்த்துப் பார்க்காத ஒரு காலண்டர் கணக்குதான் அத்தையைக் காசிக்குப் போகவிடாமல் செய்தது.

2018 அக்டோபரில் தாமிரபரணி மகாபுஷ்கரம் என்ற ஆற்று நீராடல் விழா நடந்தபோது அத்தையைப் பாபநாசத்துக்குக் கூட்டிப்போனோம். அதற்குள் மூட்டு தேய்ந்து நடை நின்றுபோயிருந்தது. இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கித் துறையில் வைத்தோம். காலை நனைத்துக்கொண்டு, "கங்கை இங்கனயே வந்துட்டுன்னு சொல்றாகளே, நெசமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

எனக்கு இப்போது 58. பாளையங்கோட்டையில் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. வீட்டில் மனைவியும் 77 வயது அம்மாவும். அம்மாவுக்குக் காசி, மனைவிக்குப் பனி மூடிய மலையைக் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து "ரிட்டையர் ஆனதும் போவோம்" என்று நானும் இருபது வருஷமாகச் சொல்லி வந்தேன். மாமா சொன்ன அதே பதில்தான் அது, அறுப்பு இருந்த இடத்தில் ரிட்டையர்மென்ட் வந்திருக்கிறது என்று இந்த ஐப்பசியில்தான் எனக்கு உறைத்தது. அப்புறம் மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எங்கள் முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினோம். ஓய்வு பெற்ற பிறகு சாவகாசமாகப் போவது ஒன்று. கடன் வாங்கியாவது காசி, காஷ்மீர் இரண்டையும் ஒரே மூச்சில் முடிப்பது ஒன்று. டூர்க் குழுவோடோ அரசுத் திட்டத்திலோ சேர்ந்துகொள்வது இன்னொன்று. இல்லையென்றால் நாங்களாகவே, இப்போதே, காசிக்கு மட்டும் போய்வருவது. நடுவில் அம்மா ஐந்தாவதாக ஒரு வழி சொன்னாள். அது பிறகு.

முதலில் ஓய்வுக்குப் பிறகு என்பதைப் பார்ப்போம். கேட்க எவ்வளவோ பொறுப்பாகத்தான் தெரிகிறது. விடுப்பு கேட்டு நிற்க வேண்டாம், கையில் மொத்தமாகப் பணம் வரும், அவசரமில்லாமல் சுற்றலாம். நானும் இதை முழுமனதோடு நம்பியவன்தான். ஆனால் நான் நம்பியிருந்த தேதியே நகர்ந்துவிட்டது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020 மே மாதம் அதை 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவித்தார்கள். 1967-ல் பிறந்த நான் பழைய விதிப்படி 58-லேயே வீட்டுக்கு வந்திருப்பேன். இரண்டு வருஷச் சம்பளம் கூடுதலாகக் கிடைத்ததில் வருத்தம் ஒன்றும் இல்லை. எனக்கு இரண்டு வருஷம் கூடியபோது அம்மாவுக்கும் இரண்டு வயது கூடுகிறது என்பதைத்தான் நான் கணக்கில் சேர்க்காமல் விட்டேன்.

ரயில் சலுகை விஷயமும் இப்படித்தான் ஆனது. ஆண்களுக்கு 60 வயதில் 40 சதவீதம், பெண்களுக்கு 58 வயதில் 50 சதவீதம் கட்டணக் குறைப்பு இருந்தது. "எனக்கு அறுபது, உனக்கு அம்பத்தெட்டு ஆகட்டும், பாதிக் காசில் நாடு முழுக்கச் சுத்தலாம்" என்று மனைவியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் அந்தச் சலுகையை நிறுத்தினார்கள். அது இன்னும் திரும்பி வரவில்லை. சலுகைக்காகக் காத்திருந்த வயது வந்துகொண்டிருக்கிறது, சலுகையைத்தான் காணோம்.

மொத்தப் பணம் வரும் என்பதும் முழு உண்மை இல்லை. பணம் வரும். ஆனால் அது வருவதற்கு முன்பே அதற்கு வீட்டில் நாலு பெயர் வைத்தாயிற்று. மகள் பிரசவம், மாடியில் ஒரு அறை, தம்பியிடம் வாங்கிய கைமாற்று, மீதியைப் பேங்கில் போட்டு மாத வட்டி. இந்தப் பட்டியலில் காசி எங்கே இருக்கிறது என்று மனைவி கேட்டாள். பட்டியலைத் திரும்ப எழுதியபோதும் அது கடைசி வரிக்குத்தான் போனது. ஓய்வு பெற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், சம்பளக்காரனாக இருந்தபோது தாராளமாகச் செலவழித்த அதே ஆள், பென்ஷன் வாங்கத் தொடங்கியதும் ஆயிரம் ரூபாய்க்கு யோசிப்பார். அந்தப் பயம் நியாயமானதுதான். அப்படிப் பயப்படுகிற நாளுக்கு நம் ஆசையைத் தள்ளிவைக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சில பயணங்களுக்கு வயது வரம்பு இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அமர்நாத் யாத்திரைக்கு 13 வயதிலிருந்து 70 வயது வரைதான் அனுமதி. இந்திய அரசு நடத்தும் கைலாஷ் மானசரோவர் யாத்திரைக்கும் 70 வயதுதான் எல்லை. அதோடு உடல் நிறைக் குறியீடு 25-க்கு மேல் போகக் கூடாது, மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். கைலாயத்தைச் சுற்றி வரும் பாதையில் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது, நடுங்காத நெஞ்சும் காலும் வேண்டும். இந்த யாத்திரை 2020-லிருந்து 2024 வரை ஐந்து வருஷம் நடக்கவே இல்லை, 2025-ல்தான் மறுபடி தொடங்கியது. 2019-ல் 66 வயதில் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றவர், யாத்திரை திரும்ப வந்தபோது 72-ல் நின்றார். அவர் பேரில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. வாசல் அடைத்துவிட்டது.

பாதைகளும் இப்படித்தான், நாம் நினைக்கிற நேரத்தில் திறந்திருப்பதில்லை. எங்கள் அலுவலகத்தில் முன்பு வேலை பார்த்த மூத்தவர் ஒருவர் பிறந்தது இலங்கையில், மலையகத் தேயிலைத் தோட்டத்தில். சின்ன வயதில் பெற்றோரோடு இந்தப் பக்கம் வந்தவர். பிறந்த லயத்தை, அந்தத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை, ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் கப்பல். "முதல்ல கூட்டம் குறையட்டும்" என்றார். கூட்டம் போதவில்லை என்று அந்த நவம்பரிலேயே கப்பல் நின்றுவிட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. அதற்குள் அவர் வாசற்படி இறங்கவே ஆள் பிடிக்க வேண்டிய நிலைக்கு வந்திருந்தார்.

அவ்வளவு தூரம் ஏன், மாஞ்சோலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற மலை. காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும், "பக்கத்துல தான, எப்ப வேணும்னாலும் போலாம்" என்று விட்டவர்கள்தான் பாதிப் பேர். 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டம் அது. குத்தகை முடிய இன்னும் நாலு வருஷம் இருக்கும்போதே 2024-ல் வேலையை நிறுத்தினார்கள், தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்த குடும்பங்கள் பல மூட்டை கட்டிக் கீழே இறங்கின. இனி மலைக்குப் போகலாம், ஆனால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்த மக்களோடு பேசிய மாஞ்சோலை இருக்காது.

இதையெல்லாம் பேசிய பிறகு நான் ஒரு தாளில் நாலு சொல் எழுதினேன்: பணம், விடுப்பு, உடம்பு, துணை. ஒரு பயணத்துக்கு இந்த நாலும் வேண்டும். காத்திருந்தால் இதில் எது கூடும், எது குறையும்? பணமும் விடுப்பும் கூடலாம். உடம்பு குறையத்தான் செய்யும். துணையைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. யாரோடு போக வேண்டும் என்று ஆசைப்பட்டோமோ அவர் அன்று இருப்பாரா, நடப்பாரா? அத்தை போன பிறகு மாமாவின் மகன் அவரை விமானத்திலேயே காசிக்குக் கூட்டிப்போகிறேன் என்றான். "யாருக்குக் காட்டப் போறேன்?" என்று சொல்லிவிட்டார்.

சரி, அப்படியானால் கடன் வாங்கியாவது எல்லாவற்றையும் உடனே முடித்துவிடலாமா? என் மகன் இந்தக் கட்சி. தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு மறுபெயர் அவசரப்படுவது என்று அவன் நினைக்கிறான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சங்கிலியை அடகு வைத்துப் போகிற பயணத்தில், படகில் உட்கார்ந்திருக்கும்போதும் மாத வட்டிதான் நினைவில் ஓடும். பெண்டாட்டியின் கழுத்து வெறுமையாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே என்ன பனிமலை பார்ப்பது? காசியையும் காஷ்மீரையும் ஒன்றாக முடிச்சுப் போடுவதும் அம்மாவுக்கு ஆகாது. அம்மாவுக்கு வேண்டியது ஒரு இடத்தில் ஒரு வாரம் தங்கி, காலையும் மாலையும் கங்கைக் கரையில் உட்காருவது. மனைவிக்கு வேண்டியது வேறு. இரண்டு ஆசையையும் ஒரே வண்டியில் ஏற்றினால் இரண்டும் அரைகுறையாகிவிடும்.

ஆகவே பனிமலையைத் தனியாகப் பிரித்தோம். அதற்கு வழி முன்பைவிட எளிதாகியிருக்கிறது. நெல்லையிலிருந்தே கட்ராவுக்கு ரயில் இருக்கிறது. 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது, 359 மீட்டர் உயரச் செனாப் பாலத்தின் மேல், மூன்று மணி நேரம். நெல்லை ஜங்ஷனில் ஏறினவர் தண்டவாளத்தை விட்டு இறங்காமலே காஷ்மீர்ப் பள்ளத்தாக்குக்குப் போய்விடலாம் என்பது நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். மாதம் மூவாயிரம் வீதம் இருபது மாதத்துக்கு ஒரு சீட்டு சேர்ந்திருக்கிறோம். அறுபதாயிரம் கையில் வரும்போது நாங்கள் இருவர் மட்டும் போவது. இதுவும் தள்ளிப்போடுவதுதானே என்று கேட்கலாம். தேதி போட்டு, அதற்கென்று காசு ஒதுக்கித் தள்ளுவது வேறு. "பார்ப்போம்" என்று தள்ளுவது வேறு. மகளுக்குப் பேறுகாலம், பையனுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, நமக்கே ஒரு கண் ஆபரேஷன் என்றால் தாராளமாகத் தள்ளிவையுங்கள். காலண்டரில் அடுத்த தேதியைக் குறித்துவிட்டுத் தள்ளிவையுங்கள்.

மூன்றாவது, குழுவோடு போவது. இதில் முதலில் எல்லோருக்கும் தெரிய வேண்டிய செய்தி: இந்து சமய அறநிலையத் துறை 2022–23 நிதியாண்டிலிருந்து இராமேஸ்வரம்–காசி ஆன்மிகப் பயணம் நடத்துகிறது. தேர்வாகிறவர்களுக்குச் செலவு முழுக்க அரசினுடையது. 60 வயது ஆகியிருக்க வேண்டும், 70-ஐத் தாண்டியிருக்கக் கூடாது, வருமான வரம்பும் உண்டு. உங்கள் வீட்டில் அந்த வயதில், வசதி குறைந்த பெரியவர்கள் இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் அறநிலையத் துறையின் மண்டல இணை ஆணையர் அலுவலகத்தில் விண்ணப்பம் கேளுங்கள். நான் அம்மாவுக்காக விசாரித்தபோது அவளுக்கு வரம்பு தாண்டி ஏழு வருஷம் ஆகியிருந்தது. திட்டம் வந்தபோதே அவளுக்கு 74.

ஐஆர்சிடிசி நடத்தும் பாரத் கௌரவ் சுற்றுலா ரயில்களும் இருக்கின்றன. தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர் பஸ் எல்லாம் ஒரே கட்டணத்தில் வந்துவிடும். இந்தி தெரியாது என்ற கவலை இல்லை. தமிழ் பேசுகிற கூட்டம் சுற்றிலும் இருக்கும், அவசரத்துக்கு ஒரு மாத்திரை கேட்டால் பத்து கை நீளும். தனியாளாக இருக்கிறவர்களுக்கு, கணவரை இழந்த பெண்களுக்கு, பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. எங்கள் எதிர்வீட்டு மதினி அப்படித்தான் போனார்கள். துணை இல்லை என்று பதினோரு வருஷம் தள்ளிப்போட்டவர்கள், திரும்பி வரும்போது நாலு ஊரில் சிநேகிதிகளோடு வந்தார்கள்.

ஆனால் குழுவுக்கு ஒரு வேகம் உண்டு. அந்த வேகத்துக்கு 77 வயதுக் கால் ஓட வேண்டும். என் பெரியம்மா மகன் தன் அப்பா அம்மாவைத் தனியார் டூர் ஒன்றில் அனுப்பினான். காலை மூன்றரைக்கு எழுப்பி, ஒன்பதுக்குள் மூன்று கோயில், பகல் முழுக்கப் பஸ், ராத்திரி பதினொன்றுக்கு அடுத்த ஊர். காசியில் அவர்கள் இருந்தது மொத்தம் ஐந்து மணி நேரம். பெரியப்பாவிடம் கங்கை எப்படி இருந்தது என்று கேட்டேன். "பஸ்ஸு எடுத்துருவாம்னு பயந்துகிட்டே குளிச்சேம்யா" என்றார். குழுவில் போவதென்றால் எத்தனை இடம் காட்டுகிறார்கள் என்று கேட்காதீர்கள், ஒரு இடத்தில் எத்தனை ராத்திரி தங்குகிறார்கள் என்று கேளுங்கள்.

இந்த இடத்தில்தான் அம்மா ஐந்தாவது வழியைச் சொன்னாள். "எதுக்குய்யா இவ்வளவு செலவு? தென்காசிக்குக் கூட்டிட்டுப் போ, போதும்."

அம்மா சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டியதற்குத் தலபுராணம் சொல்லும் காரணமே இதுதான். காசிக்குப் புறப்பட்ட அடியார்கள் வழியிலேயே இறந்துபோனார்கள், ஆகவே தெற்கேயே எனக்கொரு கோயில் எழுப்பு என்று சிவன் அவன் கனவில் சொன்னாராம். நடக்க முடியாதவர்களை நினைத்து இரங்கி எழுப்பிய கோயில் அது. அத்தை மாதிரி முடியாமல் போனவர்களுக்கு அதைவிட ஆறுதல் கிடையாது. ஆனால் அம்மா முடியாமல் அதைக் கேட்கவில்லை, என் பணத்தை நினைத்துக் கேட்கிறாள். நம் வீட்டுப் பெண்கள் தங்கள் ஆசையைத் தாங்களே சுருக்கிக்கொள்வது இப்படித்தான். அந்தச் சொல்லை நம்பி நாம் நிம்மதியாகிவிடக் கூடாது.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் காசி ஒன்றும் அந்நிய ஊரும் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டில் அங்கே போய், கேதார் படித்துறையில் மடம் நிறுவினார், இன்றும் இருக்கிறது. எட்டயபுரத்துப் பாரதி, அப்பா இறந்ததும் 1898-ல் போய் நின்றது அனுமான் படித்துறையில் இருந்த அத்தை குப்பம்மாள் வீட்டில்தான். நாலு வருஷம் அங்கே படித்தார். ரயிலும் போனும் இல்லாத நாளில் குமரகுருபரர் போயிருக்கிறார்.

கடைசியில் தேறியது நான்காவது வழி. நாங்கள் மூவரும், எங்கள் பாட்டுக்கு, மாசி மாதத்தில், காசிக்கு மட்டும்.

இதற்கு ரயிலா விமானமா என்று ஒரு சின்ன ஒப்பீடு செய்தோம். 2023 டிசம்பரிலிருந்து கன்னியாகுமரி–பனாரஸ் காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை நெல்லை வழியாகப் போகிறது. வண்டி மாற வேண்டாம், இறங்கி ஏற வேண்டாம். அம்மா மாதிரி ஆட்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் இரண்டு நாளைக்கு மேல் பயணம். விமானமென்றால் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்திலிருந்து சென்னை அல்லது பெங்களூரு போய் மாற வேண்டும், செலவு பல மடங்கு, ஆனால் ஒரே நாள். கடைசியில் போகும்போது ரயில், வரும்போது விமானம் என்று வைத்தோம். போகும்போது ஆசை இருக்கும், உடம்பு தாங்கும். ஒரு வாரம் அலைந்த பிறகு திரும்பி வருகிற இரண்டு நாள்தான் பெரியவர்களைப் படுக்க வைக்கும். கூடுதல் செலவை அந்தப் பக்கத்தில் வைப்பதே புத்தி.

முன்பதிவு முன்பு 120 நாளைக்கு முன்னால் திறக்கும். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாள்தான். சிவராத்திரிக் கூட்டம் கழிந்து பிப்ரவரிக் கடைசி வாரம் கிளம்புவதாக இருக்கிறோம், ஆகவே டிசம்பர் கடைசி வாரம் காலை எட்டு மணிக்குக் கவுன்டரில் நிற்க வேண்டும். கட்டணச் சலுகை போனாலும் கீழ் பெர்த் ஒதுக்கீடு போகவில்லை. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் இருப்பைப் பொறுத்துக் கீழ் பெர்த் தருகிறார்கள். மனைவிக்கே அது பொருந்தும் என்பது இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது. மாத்திரை இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக, டாக்டர் சீட்டின் நகலோடு. ஊர் போய்ச் சேர்ந்த முதல் நாள் வெளியே எங்கும் போவதில்லை. 2021 டிசம்பரில் திறந்த விசுவநாதர் கோயில் வளாகப் பாதை கங்கைக் கரையையும் கோயிலையும் நேராக இணைக்கிறது, முன்பு மாதிரிச் சந்துகளில் நெரிபட வேண்டியதில்லை.

அம்மாவால் முடியுமா என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. டாக்டர் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். எனக்கு அது போதவில்லை. ஒரு விடியற்காலை குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போனேன். தாமிரபரணி ஆற்றுக்கு நடுவில் முருகன் கோயில், வெள்ளம் வந்தால் முங்கி, வடிந்ததும் எழுந்து நிற்கிற கோயில். கரையில் கல்படிகள். காசியில் எண்பதுக்கு மேற்பட்ட படித்துறைகள், பலவும் செங்குத்து. இங்கே இறங்கி ஏறினால் அங்கேயும் முடியும். அம்மா செருப்பைக் கழற்றி மேல்படியில் ஓரமாக வைத்தாள். சேலைக் கொசுவத்தை இடுப்பில் செருகினாள். ஒவ்வொரு படிக்கும் வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதோடு சேர்த்து, ஒருகணம் நின்று, அப்புறம் அடுத்த படி. தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டாள். ஏறும்போது பாதியில் நான் கை நீட்டினேன். "விடு, நானே வாரேன்" என்றாள். மேலே வந்து நின்றபோது மூச்சு வாங்கியது. முகத்தைப் பார்த்தேன், சிரிப்புதான் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து இந்தப் படியை இப்படி ஏறுவாளா என்று எனக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. என் முடிவு அந்தப் படியிலேயே முடிந்துவிட்டது.

இப்போது வீட்டில் வேறு ஒரு பேச்சு நடக்கிறது. காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த காயோ கனியோ ஒன்றை அங்கே விட்டுவிட்டு வர வேண்டும், அதற்குப் பிறகு அதைச் சாப்பிடக் கூடாது என்பது வழக்கம். எதை விடுவது என்று அம்மா ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தாள். மனைவி பாகற்காய் என்றாள். "அது எனக்குப் பிடிக்காதே, பிடிச்சதத்தான விடணும்" என்று மறுத்துவிட்டாள். நேற்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு நான் கை கழுவும்போது பின்னால் வந்து நின்றாள்.

"ஏய்யா, பனங்கெழங்க விட்டுருதேன். தைப் பொங்கலுக்கு ரெண்டு கட்டாச் சேத்து வாங்கிட்டு வா. உடங்குடி ரோட்டுல விப்பாங்கல்லா, நல்ல தெரட்சியாப் பாத்து."